தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்: மலைச்சரிவு வீட்டுத் தோட்டங்களில் வடிகால் அமைப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் வீட்டுமனை என்றாலே சரிவை வெட்டிச் சமன்படுத்திய இடம்தான். வெட்டிய பக்கம் ஒரு சுவர், மண்ணைக் கொட்டி நிரப்பிய பக்கம் ஒரு சுவர். நடுவில் வீடு, மிஞ்சிய இடத்தில் நாலு பாத்தி காய்கறியும் கொஞ்சம் பூச்செடிகளும். தடுப்புச் சுவர் என்று ஊரிலும் ரிவிட்மெண்ட் என்று மேஸ்திரிகளிடமும் பெயர் பெற்ற இந்தச் சுவர்கள், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் வரிசையாகச் சரிகின்றன. விழுந்த இடத்தில் போய்ப் பார்த்தால் கல்லும் கலவையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குப் பின்னால் சேர்ந்த தண்ணீருக்கு மட்டும் வெளியேற வழி இருந்திருக்காது.

சுவரின் கனத்துக்கும் அஸ்திவார ஆழத்துக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள்கூட வடிகாலில் கை வைத்துவிடுகிறார்கள். கட்டி முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் மேஸ்திரியும் அவசரப்படுகிறார், வீட்டுக்காரரும் கவனிப்பதில்லை. இது மிகவும் தப்பான சிக்கனம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

இரண்டு மீட்டர் சுவரில் நடக்கும் கணக்கு

2 மீட்டர் உயரமுள்ள கருங்கல் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே 45 செ.மீ. அகலம், அடியில் 1 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு இதன் எடை ஏறக்குறைய 3.4 டன். பின்னால் இருப்பது நல்ல சரளை மண், அதுவும் வடிந்த நிலையில் இருந்தால், அது ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுவரைத் தள்ளும் விசை சுமார் 1.2 டன். சுவர் தன் எடையால் அடிமண்ணோடு உராய்ந்து, வழுக்காமல் தாங்கக்கூடியது சுமார் 1.9 டன். தள்ளுவதைவிடத் தாங்குவது ஒன்றரை மடங்கு. சுவர் நிம்மதியாக நிற்கும்.

இப்போது அதே மண்ணில் உச்சி வரை தண்ணீர் நிறைகிறது. தண்ணீர் மண்ணின் எடையில் ஒரு பகுதியைச் சுமப்பதால் மண் மட்டும் தள்ளும் விசை சுமார் 0.7 டன்னாகக் குறையும். ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு 2 டன் தள்ளும். மொத்தம் 2.7 டன். தாங்கும் திறன் அதே 1.9 டன்தான். அஸ்திவாரத்துக்கு அடியிலும் தண்ணீர் புகுந்து மேல்நோக்கி அழுத்தினால் அந்த 1.9 டன்னும் இன்னும் குறையும். சுவர் நகரும்.

இதில் பலர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் உண்டு. இவ்வளவு அழுத்தத்துக்கும் தோட்டம் ஏரியாக வேண்டியதில்லை. தண்ணீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்ததே தவிர, அளவைப் பொறுத்ததல்ல. சுவருக்கும் மண்ணுக்கும் இடையே 1 செ.மீ. இடைவெளி விழுந்து அதில் உச்சி வரை தண்ணீர் நின்றால், 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் நீளத்துக்கு அங்கே இருப்பது வெறும் 20 லிட்டர். கடையில் வாங்கும் ஒரு தண்ணீர் கேன் அளவு. அந்த 20 லிட்டர் 2 டன் விசையோடு சுவரைத் தள்ளும். ஆகவே வடிகாலின் முதல் வேலை தண்ணீரை உச்சி வரை நிற்கவிடாமல் செய்வது. எவ்வளவு தண்ணீரைக் கடத்துகிறது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

உயரம் கூடக் கூட நிலைமை வேகமாக மோசமாகும். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகும். ஒரே 3 மீட்டர் சுவருக்குப் பதில் 1.5 மீட்டரில் இரண்டு சுவர்களைப் படியாகக் கட்டச் சொல்வது இதனால்தான். அப்படிக் கட்டும்போது கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது இடைவெளி விட வேண்டும். நெருக்கி வைத்தால் மேல் சுவரின் பாரமும் கீழ்ச் சுவரின் தலையில் விழும்.

மண் எப்படிப்பட்டது?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அடிப்பாறை சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அது பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து செந்நிறக் களிமண்ணாகவும் அதன் கீழே சுக்கானாகவும் (பாதி சிதைந்த பாறை) கிடக்கிறது. மேலே உள்ள களி தண்ணீரை மெதுவாக உறிஞ்சும், அதைவிட மெதுவாகத்தான் விடும். 20 மி.மீ. ஜல்லிக்குள் தண்ணீர் ஓடும் வேகத்துக்கும் களிக்குள் ஓடும் வேகத்துக்கும் லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. தொடர்மழையில் மூன்றாம் நாள், நான்காம் நாள் சுவர் விழுவதும், மழை நின்று வெயில் வந்த பிறகு விழுவதும் இந்தத் தாமதத்தால்தான். வெட்டிய பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. களிக்கும் சுக்கானுக்கும் இடையிலான மட்டத்தில் ஊற்று கசியும். கோடையில் வெட்டும்போது அந்த இடம் காய்ந்தே இருக்கும். ஆனால் கறுத்த அல்லது துருநிறக் கோடுகள், ஈரம் விரும்பும் பாசி, வெட்டு முகத்தில் ஓரிடத்தில் மட்டும் பச்சையாக இருக்கும் புல் இவற்றைக் கண்டால், நவம்பரில் அங்கே நிச்சயம் தண்ணீர் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோவைப் பக்கம் கரிசலில் சுவர் கட்டுகிறவர்களுக்கு நிலைமை வேறு. கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். உப்பும்போது நேரடியாகவே சுவரைத் தள்ளும். வெடித்த பிளவில் அடுத்த மழையின் தண்ணீர் நிற்கும். அந்த மண்ணைச் சுவரை ஒட்டிப் போடவே கூடாது. சுவருக்குப் பின்னால் கீழே அரை மீட்டர், மேலே போகப் போக அகலமாக ஆப்பு வடிவில் வெட்டியெடுத்துவிட்டுச் சரளை மண் நிரப்ப வேண்டும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மண் உறையும் ஆழத்துக்குக் கீழே வடிகால் குழாயை இறக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. உதகையில் டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி புல்லின் மேல் மட்டும்தான். மண் ஆழமாக உறைந்து சுவரைத் தள்ளும் பிரச்சினை நமக்கு இல்லை. நம் கவலை முழுக்க மழையின் வேகமும் களிமண்ணும்தான். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியொரு மழை மறுபடி வரும் என்று வைத்துத்தான் எதையும் கட்ட வேண்டும்.

முதலில் மேலே இருந்து வருவதைத் திருப்புங்கள்

சுவருக்குப் பின்னால் எவ்வளவு நல்ல வடிகால் போட்டாலும், வரும் தண்ணீரைக் குறைப்பதைவிட மலிவான வைத்தியம் இல்லை. 1,000 சதுர அடிக் கூரை ஒன்றில் 50 மி.மீ. மழை பெய்தால் இறங்கும் தண்ணீர் சுமார் 4,600 லிட்டர். மலையில் அந்த மழை ஒரு மணி நேரத்தில் பெய்துவிடும். மேல் தளத்து வீட்டின் கூரைக் குழாய் சுவருக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் திறந்து கிடந்தால் அத்தனையும் சுவரின் முதுகில்தான் இறங்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய், துணி துவைக்கும் கல், கசியும் குடிநீர் இணைப்பு இவையும் அப்படியே. இவற்றில் சிறு கசிவுகள்தான் அதிக ஆபத்து. மழைக்கு முன்பே மண்ணை ஊறவைத்துவிடும்.

மழைநீர் சேகரிப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2003இல் தமிழ்நாடு கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சமவெளியில் அது அருமையான ஏற்பாடு. சரிவில் உள்ள மனையில், தடுப்புச் சுவருக்கு இரண்டடி பின்னால் உறிஞ்சு குழி தோண்டினால் நாமே சுவருக்குப் பின்னால் தண்ணீரை ஏற்றுகிறோம். குழி சுவருக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்; இல்லையென்றால் தொட்டியில் சேமிக்கலாம். கழிப்பறைத் தொட்டியின் உறிஞ்சு குழிக்கும் இதே விதி.

சுவருக்குப் பின்னால் நிலப்பரப்பில் ஓடிவரும் தண்ணீரைப் பிடிக்க, சுவரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி மேல்பக்கத்தில் ஒரு குறுக்குக் கால்வாய் வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் போதும். அடியும் பக்கமும் கான்கிரீட்டிலோ கல்லிலோ பூசப்பட்டிருக்க வேண்டும். வெறும் மண் கால்வாய் தண்ணீரைக் கடத்துவதற்குப் பதில் உள்ளே இறக்கிவிடும். சாய்வு 100க்கு 1 என்பது குறைந்தபட்சம். அதற்குக் குறைந்தால் சில்வர் ஓக் இலைகள் விழுந்து தேங்கி, ஒரே மழையில் அடைத்துவிடும்.

சுவரும் வடிகாலும் சேர்ந்தே எழும்ப வேண்டும்

பெரும்பாலான மேஸ்திரிகள் சுவரை முழு உயரத்துக்குக் கட்டிவிட்டுப் பின்னால் உள்ள இடத்தில் கிடைத்ததைக் கொட்டுகிறார்கள். அந்தக் குறுகிய பள்ளத்தில் இறங்கி ஜல்லியையும் மண்ணையும் தனித்தனியாக அடுக்க யாராலும் முடியாது. வடிகால் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். 50, 60 செ.மீ. சுவர் எழும்பியதும் அந்த உயரத்துக்குப் பின்வேலையை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவதுதான் சரியான முறை. கலவை இறுக ஒரு வாரமாவது விட்டுப் பின்னால் மண் இடிக்க வேண்டும் என்பதால் வேலை இழுக்கும். நீளமான சுவரானால் ஒரு பகுதியில் கல், மறு பகுதியில் பின்வேலை என்று மாற்றி மாற்றிச் செய்துகொள்ளலாம்.

அடியிலிருந்து வருவோம். அஸ்திவாரத்தின் பின்பக்கம், முன்பக்கத் தரைமட்டத்தைவிடச் சற்றே மேலே இருக்கும்படி, 75 மி.மீ. கனத்துக்குப் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட வேண்டும். ஒரு கோடி உயர்ந்து மறு கோடி தாழ்ந்து, 10 மீட்டருக்கு 10 செ.மீ. சாய்வு. இது இல்லாவிட்டால் வடிந்து வந்த தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்கி, அங்குள்ள மண்ணைக் குழைத்துவிடும்.

பிசிசி மேல், மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்க வேண்டும். நெய்யாத வகை, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடை. துணியின் ஓர் ஓரம் சுவரின் பின்முகத்தில் கொஞ்சம் ஏறி நிற்க, மறு ஓரம் வெட்டிய மண்பக்கம் மேலே தொங்கும்படி நீளமாக விட்டு, தற்காலிகமாக முளையடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியின் மேல் 5 செ.மீ. ஜல்லி, அதன் மேல் குழாய்.

குழாய்க்கு 110 மி.மீ. பிவிசி போதும். துளையிட்ட குழாய் உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் டிரில் மெஷினில் நாமே போட்டுக்கொள்ளலாம்: 10 மி.மீ. துளைகள், 10 செ.மீ.க்கு ஒன்று, இரண்டு வரிசை. வரிசைகள் குழாயின் அடிப்பக்கத்தில், நடுவிலிருந்து இருபுறமும் சற்று விலகி இருக்க வேண்டும். துளை மேலே பார்த்தால்தானே தண்ணீர் விழும் என்று நினைத்து வேலையாட்கள் குழாயைத் திருப்பி வைத்துவிடுவார்கள். தண்ணீர் ஜல்லியின் அடியில் சேர்ந்து கீழிருந்து மேலே ஏறும். துளை கீழே இருந்தால் ஏறத் தொடங்கியதுமே குழாய்க்குள் புகுந்து ஓடிவிடும். மேலே இருந்தால் குழாய் முழுக மூழ்கிய பிறகுதான் உள்ளே போகும். அதற்குள் அஸ்திவாரம் ஊறிவிடும். நேர் கீழே ஒரே வரிசையாகப் போடாமல் இரண்டு வரிசையாக விலக்கிப் போடுவது, குழாயின் அடிப்பகுதி ஓடுபாதையாக மிஞ்சுவதற்காக.

குழாயின் உயர்ந்த கோடியில் ஒரு வளைவு வைத்து, தரைக்கு மேலே வரை நிமிர்த்தி, மூடி போட்டு விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்தால் உள்ளே படிந்த வண்டல் கழுவிப் போகும். ஒரு வளைவும் ஒரு மூடியும்தான் கூடுதல் செலவு. இதைச் செய்யாத குழாய் அடைத்துக்கொண்டால், சரிசெய்யச் சுவரின் பின்னால் முழுவதையும் தோண்ட வேண்டும்.

குழாயின் மேல் 20 மி.மீ. ஜல்லி, சுவரை ஒட்டி 30 செ.மீ. அகலத்துக்கு எழும்ப வேண்டும். மண்ணும் ஜல்லியும் கலக்காமல் இருக்க ஒரு தகரத் தட்டை நடுவில் செங்குத்தாக நிறுத்தி, சுவர்ப் பக்கம் ஜல்லி, மறுபக்கம் மண் என்று 20, 25 செ.மீ. நிரப்பி, திமிசு போட்டு மண்ணை இடித்துவிட்டு, தட்டை மேலே இழுத்து அடுத்த அடுக்குக்குப் போகலாம். துணி எப்போதும் மண் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் கைத்திமிசு மட்டும்தான். பொக்லைன் வாளியால் அடித்து இறுக்கினால், ஈரக் கலவை உள்ள சுவர் அன்றைக்கே ஒரு செ.மீ. வெளியே தள்ளிப்போகும்.

மேல் மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே ஜல்லியை நிறுத்தி, துணியை மடித்து மூடி, அதன் மேல் களிமண்ணைப் போட்டு இறுக்க வேண்டும். பின்னால் போடக்கூடாத அந்தக் களிமண்ணுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. மழைத்தண்ணீர் நேராக ஜல்லிக்குள் பாயாமல் மேலேயே வழிந்து கால்வாய்க்குப் போகும். ஜல்லியை மேல் வரை திறந்து விட்டால் அழகாக இருக்கும், ஆனால் தோட்டத்துச் சேறும் இலையும் நேராக உள்ளே இறங்கும்.

10 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பொருள் கணக்கு: ஜல்லி 1.8 யூனிட் வரும், சேதாரத்தோடு 2 யூனிட் சொல்லலாம். ஒரு யூனிட் 100 கன அடி. துணி, மடிப்புகளோடு 30 சதுர மீட்டர். 110 மி.மீ. குழாய் 12 மீட்டர், வளைவு 1, மூடி 1, வெளிவாய்க்கு எலி புகாத கம்பி வலை. சுவரில் விடும் கசிவுத் துளைகளுக்கு 75 மி.மீ. குழாய் 15 மீட்டர்.

ஜல்லியில் தூள் இருக்கக்கூடாது. குவாரியிலிருந்து வரும் லோடில் அடியில் தூள் படிந்திருக்கும். அதை அப்படியே கொட்டினால் தூள் கழுவி இறங்கித் துணியில் படலமாகப் படியும். சல்லடையில் போடுங்கள், முடியாவிட்டால் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். துணி கிடைக்காத இடத்தில் மணலை வடிகட்டியாக வைக்கலாம்: மண்ணுக்கு அடுத்து 15 செ.மீ. பருமணல், அதற்கடுத்து 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி), பிறகு 20 மி.மீ. ஜல்லி. ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குச் சிறியதாகவும், தண்ணீரை விடும் அளவுக்குப் பெரியதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி வகுத்த வடிகட்டி விதியின் சாரம். மண்ணை ஒட்டி நேராக 40 மி.மீ. ஜல்லி போட்டால் இரண்டு மூன்று மழையில் இடைவெளியெல்லாம் சேறாகிவிடும்.

குழாய் மேல் மட்டும் துணியைச் சுற்றிவிட்டு ஜல்லியை மண்ணோடு திறந்து விடுவதும் பரவலாக நடக்கிறது. மெல்லிய வண்டல் உள்ள நம் மலைமண்ணில் அந்தச் சிறிய துணிப்பரப்பு சீக்கிரம் அடைத்துவிடும். ஜல்லி முழுவதையும் மண்ணிலிருந்து பிரித்துத் துணி நின்றால், வடிகட்டும் பரப்பு பல மடங்கு பெரியது. ஓரிடம் அடைத்தாலும் மற்ற இடம் வேலை செய்யும்.

வீப் ஹோல் என்னும் கசிவுத் துளைகள்

அடிக்குழாய் இருந்தாலும் சுவரில் துளைகள் வேண்டும். குழாய் அடைத்துவிட்டால் அவைதான் காப்பு, தவிர உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிவிப்பதும் அவைதான். முதல் வரிசை முன்தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அடுத்த வரிசை அதற்கு 1 மீட்டர் மேலே. பக்கவாட்டில் 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்று, மேல் வரிசை கீழ் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வரும்படி மாற்றி. குழாய் பின்னாலிருந்து முன்னால் 10க்கு 1 சாய்ந்திருக்க வேண்டும்.

துளை போடுவது எல்லோருக்கும் தெரியும். அது ஏன் வேலை செய்வதில்லை என்பதுதான் கேள்வி. குழாய் சுவரின் பாதிக்கனத்தோடு நின்றிருக்கும், பின்னால் கலவை அடைத்திருக்கும். அல்லது பின்முனை நேராகக் களிமண்ணில் முட்டியிருக்கும். களிக்குள் தனித்தனித் துளைகள் சுற்றிலும் சில செ.மீ. தூரத்தை மட்டுமே வடிக்கும். பின்னால் தொடர்ச்சியான ஜல்லி அடுக்கு இருந்தால்தான் எந்த இடத்துத் தண்ணீரும் ஏதோ ஒரு துளையைத் தேடி வரும். குழாயின் பின்முனை சுவரைத் தாண்டி 10 செ.மீ. ஜல்லிக்குள் நீட்டியிருக்கட்டும், முனையில் கம்பி வலை கட்டியிருக்கட்டும். கட்டும்போது கலவை புகாமலிருக்கச் சிமெண்ட் சாக்கைச் சுருட்டி அடைப்பார்கள். அதை எடுக்க மறந்த சுவர்கள் எத்தனையோ. கடைசியில் முன்முகம் பூசுகிறவர் துளையோடு சேர்த்துப் பூசிவிடுவார். அந்தந்த வரிசை முடிந்ததும் பின்னால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, முன்னால் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கலவை இல்லாத உலர்கல் சுவருக்கு இந்தத் துளைகளே வேண்டாம். கல்லிடுக்கெல்லாம் வடிகால்தான். பழைய தேயிலைத் தோட்டங்களில் இன்னும் அசையாமல் நிற்கும் உலர்கல் சுவர்களைப் பார்க்கலாம். ஒரு மீட்டருக்குள் உள்ள தோட்டப் படிகளுக்கு, கைதேர்ந்த கல்வேலைக்காரர் கிடைத்தால் அதையே பரிந்துரைப்போம். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே வந்த ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர நெறிமுறையில் மூன்றாவது பகுதி முழுக்க உலர்கல் சுவர்களுக்கானது. கம்பிப் பெட்டியில் கல் நிரப்பும் கேபியனும் தானே வடியும். பின்னால் துணி மட்டும் கட்டாயம், இல்லையென்றால் மண் கல்லிடுக்கு வழியாகவே கழுவிப்போகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையோ ஹாலோ பிளாக் சுவரையோ மண் தாங்க வைப்பதை எந்த வடிகாலும் காப்பாற்றாது.

வெளியே வந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் முடிவு செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். குழாயின் வாய் சுவரின் அடியிலேயே விழுந்தால், அஸ்திவாரத்தின் முன்மண்ணை அரித்துவிடும். சுவரின் அடியோரமாகப் பூசிய கால்வாய் ஒன்று எல்லாத் துளைகளின் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு தெருச் சாக்கடைக்கோ ஓடைக்கோ போக வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் சுவருக்குப் பின்னால் திறந்துவிட்டால் நம் ஆபத்தை அவர் தலையில் ஏற்றுகிறோம்.

மண்ணை வெட்டும் கட்டமே உயிர் போகும் கட்டம். 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேல் பகுதியில், தடுப்புச் சுவருக்காக மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து பெண் தொழிலாளர்கள் 6 பேர் இறந்தார்கள். முழு நீளத்தையும் ஒரே வெட்டாக வெட்டாமல் இரண்டு மூன்று மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டிக் கட்டுங்கள். ஜனவரி முதல் மே வரை வேலையை முடித்துவிடுங்கள். நீலகிரியில் பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. 1.5 மீட்டருக்கு மேல் உயரம், அல்லது சுவரின் மேல்பக்கம் வீடோ வாகனப் பாதையோ இருந்தால் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் தொடங்கக்கூடாது. அந்த வரைபடத்தில் வடிகாலும் வெளிவாயும் அளவோடு காட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்கெனவே நிற்கும் சுவர்

வடிகால் இல்லாத பழைய சுவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவை முன்னறிவிப்பு தரும். மழை விட்டு வாரங்கள் ஆன பிறகும் கீழ்ப்பகுதியில் ஈரப்பட்டை, கல்லிணைப்பில் வெள்ளையாக உப்புப் பூத்தல், கீழ் மூன்றில் ஒரு பங்கில் வயிறு தள்ளுதல், மேல்மண்ணில் சுவருக்கு இணையாக ஓடும் வெடிப்பு. தூக்குக்குண்டு வைத்து மூன்று நான்கு இடங்களில் அளவெடுத்துச் சுவரிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். வெடிப்பின் மேல் சிமெண்ட் பட்டை ஒன்று பூசித் தேதி போட்டால், அது பிளந்த அன்று வெடிப்பு வளர்வது தெரிந்துவிடும்.

வயிறு தள்ளாத சுவரென்றால், முதலில் மேலிருந்து வரும் தண்ணீரையெல்லாம் திருப்ப வேண்டும். பிறகு கோடையில், கோர் கட்டர் (வட்டமாக அறுத்துத் துளையிடும் இயந்திரம்) வைத்து 75 மி.மீ. துளைகளைக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கிப் போடலாம். அதிரும் பிரேக்கர் வேண்டாம், பழைய சுண்ணாம்புக் கலவையை உதிர்த்துவிடும். துளை வழியே, துணி சுற்றிய துளைக்குழாயை மண்ணுக்குள் 1 முதல் 2 மீட்டர், சற்று மேல்நோக்கிச் செருக வேண்டும். பின்னால் ஜல்லி இல்லாத சுவரில் வெறும் ஓட்டை பயன் தராது. இந்த நீளமான குழாய்தான் ஜல்லியின் வேலையைக் கொஞ்சமாவது செய்யும். வயிறு தள்ளிய சுவரில் யாரும் துளையிடக்கூடாது. கீழே நின்று வேலை செய்வதே ஆபத்து. பொறியாளரைக் கூட்டிவந்து, மேலிருந்து மண்ணை இறக்கித்தான் பிரிக்க வேண்டும்.

செப்டம்பர் மாதம் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பாருங்கள், கால்வாயில் இலையை அள்ளுங்கள், நிமிர்த்தி வைத்த குழாயில் தண்ணீர் அடித்துக் கீழே தெளிவாக வரும் வரை கழுவுங்கள். மழைக்காலத்தில் துளையிலிருந்து வரும் தண்ணீரின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். தெளிந்து வந்தால் வடிகால் தன் வேலையைச் செய்கிறது. கலங்கி வந்தால் உள்ளே மண் கழுவிப் போகிறது. கொஞ்ச நாளில் மேலே குழி விழும். அடைமழையின் நடுவே, அதுவரை ஓடிக்கொண்டிருந்த துளை திடீரென்று நின்றால் அது மற்ற எல்லாவற்றையும்விட மோசமான அறிகுறி. மழை நிற்கவில்லை, தண்ணீர் மட்டும் நின்றது என்றால் உள்ளே அடைத்துக்கொண்டு மட்டம் ஏறுகிறது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழைக்கிடையே உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். துளை நின்றாலோ, மேல்மண் வெடிப்பு ஒரே நாளில் அகன்றாலோ, கம்பியைத் தேடிக்கொண்டு சுவருக்கு அருகே போகாதீர்கள். சுவருக்குக் கீழே உள்ள வீட்டுக்காரர்களை எழுப்பி வெளியேற்றிவிட்டு, 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்குச் சொல்லுங்கள்.